கர்ப்பகால அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்கவியல் ஆலோசனை: ஒரு பயனாளியின் மதிப்புரை

கருவுற்ற 23ஆம் வாரத்தில் எனக்குப் பித்தப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்கு இரண்டு நாட்களுக்கு முன், அதே மருத்துவமனையின் மயக்கவியல் முன்னாலோசனைப் பிரிவில் நாற்பது நிமிடங்கள் இருந்தேன். அந்த நாற்பது நிமிடங்களைப் பற்றியும், அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பிரிவு நடந்துகொண்ட விதத்தைப் பற்றியுமே இங்கு எழுதுகிறேன். இப்படி ஒரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. மயக்க மருந்து நிபுணரை அறுவை அரங்கின் விளக்கடியில், முகக்கவசத்தோடு, பேச நேரமில்லாத நிலையில்தான் பெரும்பாலானோர் முதன்முதலாகப் பார்க்கிறோம். கர்ப்பிணியாக இருப்பவருக்கு அது மிகவும் தாமதமான சந்திப்பு.

என் அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். என் அக்காவின் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு ஆட்டிசம் உண்டு. அவனைப் பெற்றெடுத்தபோது அக்கா வலி தாங்காமல் முதுகில் எபிடியூரல் என்னும் வலி குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டாள். சில ஆண்டுகளுக்குப் பிறகு, எபிடியூரல் போட்டுக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு 37 விழுக்காடு கூடுதல் என்ற செய்தி பரவியது. அன்றிலிருந்து அந்த எண் எங்கள் வீட்டில் ஒரு ஆளைப் போலக் குடியிருந்தது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அக்கா மட்டும் அதைத் தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆகவே, மூன்றாம் முறையாகப் பித்தப்பை வலி வந்து நான் மருத்துவமனையில் சேர்ந்து, இனியும் தள்ளிப்போட முடியாது, லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் வழியாக, எடுத்துவிடுவதே நல்லது என்று அறுவை மருத்துவர் சொன்னபோது, கத்தியைவிட மயக்க மருந்துதான் என்னை அச்சுறுத்தியது.

அதற்கு முன் இரண்டு இடங்களில் கேட்டிருந்தேன். ஓரிடத்தில் "ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்" என்று மட்டும் சொன்னார்கள். மற்றோரிடத்தில், பிரசவம் வரை வலியைப் பொறுத்துக்கொள்ளும்படி அறிவுரை சொன்னார்கள். இரண்டுமே கேள்வியைக் காதில் வாங்காமல் தரப்பட்ட பதில்கள் என்பதை அன்றே உணர்ந்தேன்; இரண்டாவது பதில் ஆபத்தானதும்கூட என்பது பிறகுதான் புரிந்தது.

முன்னாலோசனைக்கு அக்காவும் உடன் வந்தாள். எங்களைச் சந்தித்த மருத்துவர் முதலில் என் பழைய சிகிச்சைகள், ஒவ்வாமை, மூச்சுத்திணறல், தூக்கம், பல், கழுத்து அசைவு ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "உங்களை உறங்கவிடாமல் செய்யும் கேள்வி எது?" என்று கேட்டார். நான் ஆட்டிசம் என்றேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று கட்டங்கள் வரைந்தார். பிரசவ வலிக்குப் போடும் எபிடியூரல் ஒன்று, சிசேரியனுக்குத் தரும் முழு மயக்கம் ஒன்று, கர்ப்பத்தின் நடுவில் வேறோர் அறுவைக்காகத் தரும் முழு மயக்கம் ஒன்று. இம்மூன்றையும் நாம் மயக்க மருந்து என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். மருந்தும் அளவும் குழந்தையின் மூளை இருக்கும் பருவமும் மூன்றிலும் வேறு வேறு என்றார். இந்தச் சேவையைப் பாராட்ட எனக்கு ஒரே காரணம்தான் அனுமதிக்கப்படும் என்றால், அந்த மூன்று கட்டங்களையே சொல்வேன்.

முதல் கட்டத்தில் அவர் அதிக நேரம் செலவிட்டார், அக்காவின் முகத்தைப் பார்த்ததால் இருக்கலாம். அந்த 37 விழுக்காடு 2020இல் தென் கலிஃபோர்னியாவில் 1,47,895 குழந்தைகளின் பதிவுகளை வைத்து வெளியான ஆய்விலிருந்து வந்தது. எபிடியூரல் பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் 1.9 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களின் குழந்தைகளில் 1.3 விழுக்காட்டினருக்கும் ஆட்டிசம் கண்டறியப்பட்டிருந்தது. வேறுபாடுகளைச் சரிசெய்து கணக்கிட்டபோது கிடைத்ததே அந்த எண். அது வெளிவந்த உடனேயே, அமெரிக்காவின் மயக்கவியல் மருத்துவர்கள், மகப்பேறு மருத்துவர்கள் ஆகியோரின் அமைப்புகள் இணைந்து, இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர காரணத்தை நிறுவவில்லை என்று அறிக்கை விட்டன. அடுத்த ஆண்டே வேறு மூன்று ஆய்வுகள் வந்தன. கனடாவின் மனிட்டோபாவில் 1.23 லட்சம் குழந்தைகளையும், டென்மார்க்கில் 4.79 லட்சம் குழந்தைகளையும் ஆராய்ந்தவர்கள் தொடர்பு எதையும் காணவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 3.88 லட்சம் குழந்தைகளிடம் மிகச் சிறிய உயர்வு ஒன்று தெரிந்தது. ஒரே தாயின் பிள்ளைகளில் எபிடியூரலோடு பிறந்தவரையும் அது இல்லாமல் பிறந்தவரையும் ஒப்பிட்டபோது, அந்த உயர்வு உறுதியாக நிற்கவில்லை.

உடன்பிறந்தோரை ஒப்பிடுவது ஏன் முக்கியம் என்பதை அவர் விளக்கியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எபிடியூரல் கேட்பவர்களும் கேட்காதவர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். நீண்ட பிரசவம், மருந்து கொடுத்துத் தூண்டப்பட்ட வலி, தாயின் உடல்நலம், மருத்துவ வசதி எளிதில் கிடைப்பது, அந்த வசதியாலேயே குழந்தைக்கு ஆட்டிசம் விரைவில் கண்டறியப்படுவது என்று எத்தனையோ வேறுபாடுகள் இருக்கின்றன. ஒரே வயிற்றில் பிறந்தவர்களை ஒப்பிட்டால் மரபும் வீடும் வளர்ப்பும் பெருமளவு சமமாகிவிடுகின்றன. அத்தோடு, 2019இல் ஐந்து நாடுகளின் இருபது லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து வெளியான ஆய்வு, ஆட்டிசம் வருவதில் மரபின் பங்கு ஏறத்தாழ 80 விழுக்காடு என மதிப்பிட்டதையும் சொன்னார். மரபு என்பதும் குற்றம் அன்று என்பதை அடுத்த மூச்சிலேயே சேர்த்துக்கொண்டார்.

அக்கா அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. "அப்படியானால் நான் அன்று ஊசி கேட்டது தவறில்லையா டாக்டர்?" என்று கேட்டாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "தவறில்லை அம்மா. நீங்கள் வலியில் இருந்தீர்கள், உதவி கேட்டீர்கள். உங்கள் மகன் இப்படி இருப்பதற்கு அந்த ஊசி காரணம் என்று சொல்ல எங்களிடம் சான்று இல்லை" என்றார். பிறகு மகனின் பெயரையும், அவனுக்கு எது பிடிக்கும் என்பதையும் கேட்டார். ரயில் நேர அட்டவணைகள் என்றாள் அக்கா. ஒன்பது ஆண்டுகளாக அவளிடம் இப்படி யாரும் பேசியதில்லை. அந்த ஆலோசனை என் பெயரில் பதிவானது. அதன் பெரும்பயன் அவளுக்குச் சேர்ந்தது.

இரண்டாம் கட்டத்தை விரைவாகவே கடந்தார், ஏனெனில் அது என் நிலைக்குப் பொருந்தாது. தைவானில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், முழு மயக்கத்தில் சிசேரியன் ஆன குழந்தைகளிடம் ஆட்டிசம் சற்று அதிகமாகத் தெரிந்தது. தண்டுவட ஊசி போன்ற பகுதி மயக்கத்தில் பிறந்தவர்களிடம் தெரியவில்லை. ஆனால் சிசேரியனில் முழு மயக்கம் பெரும்பாலும் அவசரத்தில்தான் தரப்படுகிறது: குழந்தையின் இதயத்துடிப்பு விழும்போது, தாய்க்கு இரத்தப்போக்கு மிகும்போது. அந்த அவசரத்தின் விளைவையும் மருந்தின் விளைவையும் ஆய்வுத் தாளில் பிரிப்பது கடினம். அதே ஆண்டில் சுவீடனிலிருந்து வந்த பெரிய ஆய்வில், சிசேரியனுக்கும் ஆட்டிசத்துக்கும் இடையே தெரிந்த பொதுவான தொடர்பு, உடன்பிறந்தோரை ஒப்பிட்டபோது மறைந்துவிட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் கட்டம் என்னுடையது. இங்கேதான் அவர் "கவலை வேண்டாம்" என்று சொல்லிக் கடந்துபோகவில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன். மயக்க மருந்துகள் தாயின் மூளையை எட்டுவதற்கு எந்தப் பண்பு உதவுகிறதோ, அதாவது சிறிய மூலக்கூறாக இருந்து கொழுப்பில் எளிதில் கரைவது, அதே பண்பால் நஞ்சுக்கொடியையும் கடந்து குழந்தையை எட்டுகின்றன. தசைகளைத் தளர்த்தும் மருந்துகள் அவ்வாறு எளிதில் கடப்பதில்லை. கருவுற்ற குரங்குகளுக்கு ஐந்து மணி நேரம் ஐசோஃப்ளூரேன் அல்லது புரோபோஃபால் என்ற மயக்க மருந்தைக் கொடுத்த சோதனைகளில், கருவின் மூளைச் செல்கள் இயல்பைவிட அதிகமாக மடிந்தன. இத்தகைய விலங்கு ஆய்வுகளை முன்வைத்தே, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கோ, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் பெண்களுக்கோ மூன்று மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் மயக்கமும், திரும்பத் திரும்பத் தரப்படும் மயக்கமும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். செவோஃப்ளூரேன், புரோபோஃபால், கீட்டமின், மிடசோலம் உள்ளிட்ட 11 மருந்துகள் அந்தப் பட்டியலில் உள்ளன. அவற்றுள் சில எனக்கும் தேவைப்படும் என்பதை அவர் மறைக்கவில்லை.

மனிதர்களிடம் கிடைத்த சான்றையும் அப்படியே வைத்தார். பிறந்த சிசுக்களைப் பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. குடலிறக்க அறுவைக்கு வந்த 722 சிசுக்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான முழு மயக்கமும், மற்றதற்கு விழித்த நிலையில் பகுதி மயக்கமும் தந்து ஐந்து வயது வரை தொடர்ந்து பார்த்ததில், அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை. 2019இல் இந்த முடிவு வெளியானது. கருவில் இருக்கும் குழந்தைகளைப் பற்றிய சான்று இதைவிட மெலிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2,024 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்ததில் கருவிலேயே முழு மயக்கத்துக்கு உட்பட்டவர்கள் 22 பேர்தான். அவர்களிடம் பத்து வயதில் நடத்தைச் சிக்கல்களுக்கான மதிப்பெண் சற்றுக் கூடுதலாக இருந்தது. பெல்ஜியத்தில் அத்தகைய 129 குழந்தைகளை மற்ற 453 பேரோடு ஒப்பிட்டபோது, மருத்துவ நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்க அரசுக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்யப்பட்ட பெரிய ஆய்வில், தாய்க்குக் குடல்வாலோ பித்தப்பையோ அகற்றப்பட்ட குழந்தைகளிடம் நடத்தைக் கோளாறுகளும் ஆட்டிசமும் சுமார் 30 விழுக்காடு அதிகமாகக் கண்டறியப்பட்டன. ஆனால் அந்தத் தாய்மார் அனைவரும் நோயுற்றிருந்தவர்கள். அழற்சியா, காய்ச்சலா, வலியா, அறுவையா, மருந்தா என்று பிரித்துக் காட்ட அந்த ஆய்வால் முடியாது; அறுவை தேவைப்படும் கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு மயக்கம் தராமல் விட்டு ஒப்பிட்டுப் பார்க்கவும் எவராலும் இயலாது.

முப்பது விழுக்காடு என்ற சொல் என் வயிற்றைக் கலக்கியது. அதைக் கவனித்த அவர் அதே தாளின் மறுபக்கத்தில் இருநூறு புள்ளிகள் வைத்தார். மெதுவாக, வரிசை வரிசையாக வைத்தார். நூறு குழந்தைகளில் ஒன்றரைப் பேருக்கு ஆட்டிசம் என்று கொள்வோம் எனச் சொல்லி, மூன்று புள்ளிகளை நிரப்பினார். முப்பது விழுக்காட்டு உயர்வு முழுவதும் உண்மையாகவும், முழுவதும் மருந்தினாலும் என்று மிக மோசமாக எடுத்துக்கொண்டாலும், மூன்று ஏறக்குறைய நான்காகும் என்று சொல்லி நான்காவது புள்ளியைச் சுற்றி இடைவெளி விட்டு விட்டு ஒரு கோடு போட்டார். "இந்த ஒரு புள்ளி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். விழுக்காட்டுக் கணக்கை இருநூறு புள்ளிகளாக மாற்றிக் காட்ட மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. கர்ப்பிணிகளிடம் பேசும் ஒவ்வொரு மருத்துவரும் இதைச் செய்ய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

அடுத்து அவர் கேட்ட கேள்வி, அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது. பித்தக்கல் நகர்ந்து கணையத்தில் அழற்சி உண்டானால் தாயின் உயிருக்கே ஆபத்து. கடும் தொற்றும் காய்ச்சலும் குறைப்பிரசவத்தைத் தூண்டலாம். குறைப்பிரசவம் ஆட்டிசம் உள்ளிட்ட வளர்ச்சி வேறுபாடுகளோடு நன்கு அறியப்பட்ட தொடர்புடையது. மருந்தைத் தவிர்ப்பதாக எண்ணி அறுவையைத் தள்ளிப்போடுபவர், பெரும்பாலும் அதைவிடப் பெரிய ஆபத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரியும் மயக்கவியல் மருத்துவர்கள் சங்கமும் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கின்றன: மருத்துவக் காரணத்தால் தேவைப்படும் அறுவையை எந்த மாதமானாலும் கர்ப்பிணிக்கு மறுக்கக் கூடாது, தள்ளிப்போடக்கூடியதைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னவர்கள் இதைப் படித்திருக்கலாம்.

அறுவை நாளில் இவர்கள் சொன்னதையே செய்தார்கள். பதற்றம் தணிக்க வழக்கமாகத் தரும் மிடசோலத்தை எனக்குத் தரவில்லை. அதற்குப் பதிலாக அதே மருத்துவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். கருப்பையின் எடை பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தாதிருக்க, என்னை இடப்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். முன்னும் பின்னும் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். வயிற்றில் செலுத்தும் வாயுவின் அழுத்தத்தைக் குறைவாக வைக்கும்படி அறுவை மருத்துவரிடம் சொன்னதும் இவர்களே. குழந்தைக்குத் தாங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு, என் ஆக்சிஜனும் இரத்த அழுத்தமும் ஒரு நிமிடமும் விழாமல் பார்ப்பதுதான் என்று முன்னரே சொல்லியிருந்தார்கள். மயக்கம் மொத்தம் 70 நிமிடங்கள் நீடித்தது.

இனிக் குறைகள். அந்தப் பிரிவு தரும் துண்டறிக்கை, அங்குள்ள மருத்துவர்களின் தரத்துக்குச் சற்றும் பொருந்தாதது. எபிடியூரல், சிசேரியன், இடைக்கால அறுவை ஆகிய மூன்றையும் ஒரே பத்தியில் குழப்பி, கடைசியில் "ஆட்டிசம் போன்ற பாதிப்புகள் குறித்து அஞ்ச வேண்டாம்" என்று முடிகிறது. பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு அழும் ஒரு குழந்தையின் படம். அதை அக்கா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துவைத்தாள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் கையில் வாங்கப்போகும் தாள் அது என்று அச்சிட்டவர்கள் ஒரு கணம் நினைத்திருக்க வேண்டும்.

சம்மதப் படிவம் அறுவை அன்று காலையில், தள்ளுவண்டியில் படுத்திருந்தபோது தரப்பட்டது. இரண்டு நாட்களுக்கு முன்பே எல்லாம் பேசி முடித்தவர்கள் அதை அன்றே தந்திருக்கலாம். கருவைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு வரியும் இல்லை. மருத்துவர் தன் கையால் இரண்டு வரி சேர்த்து எழுதிய பிறகே கையெழுத்திட்டேன். மயக்கப் பதிவின் நகலைப் பெற மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நிமிடம் என்ற அந்த ஒரு பக்கம் என் குழந்தையின் மருத்துவ வரலாற்றுக்கு உரியது. கேட்காமலே கையில் தர வேண்டியது. எல்லாவற்றிலும் பெரிய குறை, கர்ப்பிணிகளுக்கு இந்த ஆலோசனை தானாக வழங்கப்படுவதில்லை என்பது. நான் பிடிவாதமாகக் கேட்டதால் கிடைத்தது. கேட்கத் தெரியாதவர், கேட்கத் தயங்குபவர் நேரே அறுவை அரங்குக்குப் போகிறார்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். மருத்துவரின் நேர்மைக்கும் பொறுமைக்கும் முழு மதிப்பெண். குறைத்த ஒன்று துண்டறிக்கைக்கும் படிவத்துக்கும் பதிவுக்கும். கர்ப்பகாலத்தில் அறுவை தேவைப்படும் எவரும், தங்கள் மருத்துவமனையில் இப்படி ஒரு பிரிவு உண்டா என்று கேட்டு, அறுவைக்கு முன்பே நேரம் வாங்கிக்கொள்ளும்படி வேண்டுகிறேன். எந்த மருந்துகளைத் தவிர்க்க இயலும், பகுதி மயக்கம் போதுமா, எவ்வளவு நேரம் ஆகும், அறுவையைத் தள்ளிவைத்தால் என்ன இழப்பு என்று கேளுங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

என் மகள் 39ஆம் வாரத்தில் பிறந்தாள். பிரசவத்தில் நான் எபிடியூரல் கேட்டுப் போட்டுக்கொண்டேன். அக்கா பக்கத்தில் இருந்தாள். மகளின் வளர்ச்சியை வைத்து இந்தச் சேவையை அளக்க நான் விரும்பவில்லை, ஒரு குழந்தை எதையும் நிரூபிக்காது என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். 18 மாதத்திலும் 24 மாதத்திலும் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப் பரிந்துரைக்கப்படும் ஆட்டிசம் முன்பரிசோதனைக் கேள்வித்தாளை அவளுக்கும் நிரப்ப வேண்டும் என்று குறித்துத் தந்ததும் அவரே. முதல் கேள்வித்தாளைச் சென்ற மாதம் அக்காவும் நானும் சேர்ந்து நிரப்பினோம். குழந்தை மருத்துவர் மயக்கப் பதிவின் நகலை வாங்கிப் படித்து, 70 நிமிடம் என்ற எண்ணைத் தன் குறிப்பில் எழுதிக்கொண்டு, நகலை மகளின் கோப்பில் வைத்தார்.